உலாவி திறக்க மறுத்தால் என்ன செய்வது?

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி வகுப்பு ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிராம வளர்ச்சி என்றதும் நம் நினைவுக்கு வருவன சாலையும் கிணறும் பள்ளிக்கூடமும் தெரு விளக்குமே ஆகும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இவற்றுள் எதுவும் அன்று. ஊராட்சி அலுவலக மேசையின்மீது உள்ள கணினியில், உலாவி என்று தமிழிலும் பிரௌசர் என்று பேச்சு வழக்கிலும் கூறப்படும் கருவி திடீரென்று நின்று போனாலும், திறக்க மறுத்தாலும் அதனை எவ்வாறு சீராக்குவது என்பதே அப்பொருள். இஃது ஓர் அற்ப விஷயம் என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று என்பதை முதலில் எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

பட்டா, சிட்டா நகல் வேண்டுமாயின் இணையதளத்தைத் திறக்க வேண்டும். வீட்டு வரி செலுத்தவும், சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றிற்கு விண்ணப்பிக்கவும், பிரதம மந்திரி கிசான் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு மூன்று தவணைகளாக வரும் 6,000 ரூபாய் வந்து சேர்ந்ததா என்று அறியவும் உலாவியே வாயில். ஊராட்சிகளின் திட்டங்களும் வரவு செலவும் 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் தொடங்கப்பெற்ற இ-கிராம் சுவராஜ் தளத்தில் பதியப்படுகின்றன. அதற்கும் அதே வாயிலே வழி. வாயிற்கதவு திறக்கவில்லையானால் வீட்டினுள் எவ்வளவு தானியம் இருந்தும் பயன் என்ன?

கதவு திறக்காத நாளில் நடப்பதை நாம் அனைவரும் அறிவோம். அன்றைய கூலியை விட்டுவிட்டு ஒரு தொழிலாளி சான்றிதழுக்காக வந்து நிற்கிறார். முதியோர் உதவித்தொகை பற்றிக் கேட்க ஒரு மூதாட்டி பேருந்து ஏறி வருகிறார். "சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள்" என்ற விடை அவர்களுக்குக் கிடைக்கிறது. மறுநாளும் அதே விடை. இவ்விடை சில வேளைகளில் உண்மையே. ஆனால் எவரும் சோதித்துப் பாராமலே கூறப்படும் வேளைகளும் உண்டு. சர்வர் எங்கோ ஓரிடத்தில் நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும். நம் மேசையின்மீதுள்ள உலாவியே படுத்துவிட்டிருக்கும். ஐந்து நிமிடத்தில் தீரக்கூடிய பழுதிற்காக ஏழை ஒருவர் இரண்டு நாள் கூலியை இழப்பது நியாயமாகாது. ஆதலின், கணினி பழுது பார்ப்பவராக ஆக வேண்டியதில்லையெனினும், எந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதை ஒவ்வோர் உறுப்பினரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நம் கருத்து.

உலாவி என்பது யாது?

முதல் உலாவியை 1990-ஆம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற அறிஞர், ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் அமைத்தார். 1993-இல் வந்த மொசைக், 1994-இல் வந்த நெட்ஸ்கேப் ஆகியவை இதைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தன. இன்று நம் அலுவலகங்களில் பெரும்பாலும் காணப்படுபவை கூகுள் குரோம், மைக்ரோசாஃப்ட் எட்ஜ், மொசில்லா ஃபயர்பாக்ஸ் ஆகிய மூன்றாகும்.

முற்காலத்து உலாவிகளில் ஒரு பக்கம் கெட்டுப்போனால் உலாவி முழுவதுமே விழுந்துவிடுவது வழக்கம். 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த குரோம், பக்கங்களைத் தனித்தனி அறைகளில் வைப்பதுபோலத் தனித்தனி இயக்கங்களாகப் பிரித்தது. ஓர் அறையில் தீப்பிடித்தால் மற்ற அறைகள் தப்பும் என்பது இதன் அனுகூலம். பின்னர் மற்ற உலாவிகளும் இம்முறையைக் கைக்கொண்டன. ஆகவே இன்று ஒரே ஒரு பக்கம் மட்டும் விழுந்து, மற்றவை நன்றாக இருந்தால், குற்றம் பெரும்பாலும் அந்தப் பக்கத்தையோ அதன் பளுவையோ சார்ந்தது எனக் கொள்ளலாம். உலாவி முழுவதும் விழுந்தாலோ, திறக்கவே மறுத்தாலோ, குற்றம் உலாவியிலோ கணினியிலோ உள்ளது எனக் கொள்ள வேண்டும். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது போலாகும்.

பம்புசெட்டு கற்பிக்கும் பாடம்

உழவர்களுக்கு இது புதிய வித்தையன்று. பம்புசெட்டு தண்ணீர் இறைக்கவில்லையென்றால், மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டுவதற்கு உடனே டவுனுக்கு எடுத்துச் செல்லும் உழவர் எவரேனும் உண்டா? முதலில் மும்முனை மின்சாரம் வருகிறதா என்று பார்க்கிறார். பிறகு பியூஸ், பிறகு ஸ்டார்ட்டர். மோட்டார் ஓடியும் தண்ணீர் வரவில்லையென்றால் கிணற்றில் நீர் இருக்கிறதா, குழாயில் காற்றுப் பிடித்திருக்கிறதா, ஃபுட்வால்வில் குப்பை அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார். செலவில்லாத சோதனை முன்னே. செலவுள்ள வேலை பின்னே. இதுவே அவர் கைக்கொள்ளும் முறை.

உலாவிக்கும் இதே முறைதான். மூன்று விதிகளை நாம் கூறுவோம். முதலாவது, எளிதானதிலிருந்து கடினமானதற்குச் செல்லுதல். இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல். நான்கை ஒருங்கே மாற்றினால் எதனால் குணமாயிற்று என்பது தெரியாமற்போகும். மூன்றாவது, திரும்பப் பெற முடியாத எதையும் கடைசிவரை செய்யாதிருத்தல். அழித்தல், நீக்குதல், கணினியை முழுவதும் துடைத்துப் புதிதாக்குதல் ஆகியவை கடைசி வரிசையில் நிற்க வேண்டியவை.

குற்றம் எங்கே உள்ளது?

உலாவி திறக்கிறது, ஆனால் பக்கம் வரவில்லை என்பது ஒரு நிலை. இங்கு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். வேறு ஒரு தளம் திறக்கிறதா? இதே தளம் வேறு உலாவியில் திறக்கிறதா? இதே தளம் கைப்பேசியில், அலுவலக இணைப்பை விடுத்துக் கைப்பேசியின் சொந்த இணைப்பில் திறக்கிறதா?

எந்தத் தளமும் எந்த உலாவியிலும் வரவில்லையானால் குற்றம் பாதையில், அதாவது இணைய இணைப்பில் உள்ளது. மோடத்தின் விளக்குகளையும் கம்பியையும் பார்க்க வேண்டும். மற்றத் தளங்கள் வந்து, குறிப்பிட்ட தளம் மட்டும் கைப்பேசியிலும் வரவில்லையானால், அப்பொழுதுதான் "சர்வர் வேலை செய்யவில்லை" என்று நாம் மனச்சாட்சியோடு கூறலாம். வேறு உலாவியில் அத்தளம் நன்றாக வருமாயின், குற்றம் நம் உலாவியிலேதான். அன்றைய வேலையை அந்த வேறு உலாவியில் முடித்து, காத்திருப்பவரை அனுப்பிவிட்டு, பிறகு சாவகாசமாகப் பழுது பார்க்கலாம். இதற்காகவே ஒவ்வோர் அலுவலகக் கணினியிலும் இரண்டு உலாவிகள் எப்பொழுதும் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

இங்கு ஒரு விசித்திரமான பழுதையும் குறிப்பிட வேண்டும். கணினிக்குள் காசு வடிவில் ஒரு சிறு பேட்டரி உண்டு. பெரும்பாலும் அது சி.ஆர். 2032 என்ற வகையைச் சேர்ந்தது. மின்சாரம் இல்லாதபோது நாளையும் நேரத்தையும் காத்து வைப்பது அதுவே. அது தீர்ந்துவிட்டால் கணினி தன் தேதியைப் பல ஆண்டுகள் பின்னே தள்ளிக் காட்டும். பாதுகாப்புள்ள தளங்கள் தம் சான்றிதழின் காலத்தைக் கணினியின் தேதியோடு ஒப்பிட்டே திறப்பதால், "இணைப்புப் பாதுகாப்பானதன்று" என்ற எச்சரிக்கையோடு தளம் தளமாக மறுக்கப்படும். உலாவி கெட்டுவிட்டது என்று பலர் அதையே பழிப்பர். தேதியைத் திருத்தி, சிறு பேட்டரியை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகும்.

திறக்கவே மறுக்கும் உலாவி

உலாவியின் சின்னத்தைச் சொடுக்கியும் ஒன்றும் நிகழவில்லை என்பது அடுத்த நிலை. சாதாரணமாக இதற்குக் காரணம், முன்பு மூடப்பட்டதாக நாம் எண்ணிய உலாவி உள்ளுக்குள் முழுவதும் மூடப்படாமல் சிக்கிக்கொண்டிருப்பதே. ஃபயர்பாக்ஸ், தான் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருப்பதாகவும் ஆனால் பதிலளிக்கவில்லையென்றும் வெளிப்படையாகவே ஓர் அறிவிப்பைக் காட்டுவதுண்டு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்ற பட்டியல் தோன்றும். அதில் உலாவியின் பெயரைத் தெரிந்தெடுத்து, எண்ட் டாஸ்க் என்பதை அழுத்தி, பிறகு மீண்டும் திறக்கலாம்.

அதனாலும் குணமில்லையெனில் கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. விண்டோஸ் 8-க்குப் பின் வந்த கணினிகளில், விரைவாகத் திறப்பதற்காக, ஷட்டவுன் செய்யும்பொழுது கணினி தன் உள்நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடு உள்ளது. ஆகவே ஷட்டவுன் செய்து மீண்டும் போடுவது முழுமையான புதுத் தொடக்கம் ஆகாது. ரீஸ்டார்ட் என்பதே முழுமையான புதுத் தொடக்கம். "நிறுத்திப் போட்டுப் பார்த்துவிட்டோம்" என்பவர் இவ்விரண்டில் எதைச் செய்தார் என்று கேட்டறிய வேண்டும்.

மூன்றாவதாக, இடமும் நினைவகமும். கணினியின் சி டிரைவில் இடம் நிரம்பியிருந்தால், உலாவி தன் குறிப்புகளை எழுத இடமின்றித் திறக்க மறுக்கும். அல்லது திறந்து உடனே விழும். பழைய புகைப்படங்களையும் காணொளிகளையும் வேறிடத்திற்கு மாற்றி, ரீசைக்கிள் பின் என்ற குப்பைத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். நினைவகம் 4 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் முப்பது பக்கங்களை ஒருங்கே திறந்து வைத்தால், ஒற்றை மாட்டு வண்டியில் இரண்டு வண்டிப் பாரம் ஏற்றியது போலத்தான். குரோமில் "ஆ, ஸ்நாப்" என்று பொருள்படும் அறிவிப்போடு பக்கங்கள் விழுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். வேண்டாத பக்கங்களை மூடுவதே மருந்து.

திறந்தவுடன் விழும் உலாவி

உலாவி திறக்கிறது, சில விநாடிகளில் விழுகிறது, மீண்டும் திறந்தால் மீண்டும் விழுகிறது. இதற்கு நாம் முதலில் ஐயுற வேண்டியது, முன்பு திறந்திருந்த பக்கங்களைத் தானாகவே மீட்டுத் திறக்கும் ஏற்பாட்டை. விழச் செய்த அதே பக்கம் ஒவ்வொரு முறையும் திறக்கப்படுவதால் ஒவ்வொரு முறையும் விழுகிறது. இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு உலாவியைத் திறந்தால், பக்கங்கள் உள்ளே வர வழியின்றி வெறுமையாக நிற்கும். அப்பொழுது அவற்றை மூடிவிட்டுக் கம்பியை மீண்டும் செருகலாம்.

அடுத்து ஐயுற வேண்டியது எக்ஸ்டென்ஷன் எனப்படும் துணைச் செருகல்களை. பதிவிறக்கத்திற்கு ஒன்று, விளம்பரத்தைத் தடுக்க ஒன்று என யாரோ எப்பொழுதோ சேர்த்தவை நாளடைவில் ஒன்றோடொன்று மோதுவதுண்டு. குரோமிலும் எட்ஜிலும் கண்ட்ரோல், ஷிஃப்ட், என் ஆகிய விசைகளை அழுத்தினால் மறைநிலைச் சாளரம் ஒன்று திறக்கும். நாமாக அனுமதித்தாலொழிய அதில் துணைச் செருகல்கள் இயங்கா. அங்கு தளம் நன்றாக ஓடினால் குற்றம் துணைச் செருகல்களிலோ, சேமித்து வைக்கப்பட்ட பழைய தற்காலிகக் கோப்புகளிலோ உள்ளது என்பது தெளிவு. துணைச் செருகல்களை எல்லாம் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாக மீண்டும் இயக்கிப் பார்த்தால் குற்றவாளி அகப்படும். ஃபயர்பாக்ஸில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே உலாவியைத் திறந்தால், துணைச் செருகல்களையும் சில சிறப்பு ஏற்பாடுகளையும் விலக்கிய சோதனை நிலையில் அது திறக்கும்.

மூன்றாவது, படம் வரையும் சில்லின் உதவியைப் பெறும் ஏற்பாடு. ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன், கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷன் என இதனை அழைப்பர். அச்சில்லை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் பழையதாகவோ பழுதுற்றோ இருந்தால், காணொளி ஓடும்பொழுது திரை கறுத்துப்போதல், கோடு கோடாகத் தெரிதல், உலாவி விழுதல் முதலியவை நேரும். உலாவியின் அமைப்புப் பக்கத்தில் சிஸ்டம் என்ற பகுதியில் இவ்வேற்பாட்டை நிறுத்திப் பார்க்கலாம். குணம் கண்டால் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். நிறுத்துவதால் நட்டமில்லை, மீண்டும் இயக்குவதும் எளிது.

இவை ஒன்றாலும் குணமில்லாமல், உலாவி மட்டுமன்றி மற்ற மென்பொருள்களும் அடிக்கடி விழுமாயின், குற்றம் உலாவியில் இல்லை. நினைவகச் சில்லு தளர்ந்திருத்தல், தூசியால் சூடேறுதல், வன்வட்டு பழுதுறுதல் ஆகியவற்றுள் ஒன்றாகவே அது இருக்கும். அப்பொழுது கணினி மெக்கானிக்கை அழைப்பதே முறை. தீங்கு நிரல்கள் புகுந்துள்ளனவா என்பதையும், இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் ஒரே கணினியில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றனவா என்பதையும் அவர் பார்க்க வேண்டும்.

நீக்கிப் போட்டால் தீருமா?

உலாவி விழுந்தவுடன் அதனை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவதே பலர் அறிந்த ஒரே வைத்தியம். இது பல வேளைகளில் பலிப்பதில்லை. காரணம் யாது? உலாவியின் நிரல் ஓரிடத்திலும், நம் குறிப்புகள், கடவுச்சொற்கள், அமைப்புகள் முதலியவை அடங்கிய புரொஃபைல் என்ற பயனர் கோப்புறை வேறோர் இடத்திலும் உள்ளன. நிரலை நீக்கினாலும் பயனர் கோப்புறை சாதாரணமாக அப்படியே இருக்கும். உலாவி எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய் அக்கோப்புறை கெட்டிருக்குமாயின், புதிய உலாவியும் அதே கெட்ட கோப்புறையைத் திறந்து அதேபோல் விழும். குதிரில் அந்துப்பூச்சி இருக்க, களஞ்சியத்திற்குப் புதுக் கதவு போடுவதால் ஆவதென்ன?

முறையான வழி வேறு. உலாவியை முற்றிலும் மூடிவிட்டு, அக்கோப்புறையின் பெயரை மாற்றிவிட வேண்டும். குரோமில் யூசர் டேட்டா என்ற கோப்புறையினுள் டிஃபால்ட் என்ற பெயரில் அது இருக்கும். அதற்குப் "பழையது" என்று பெயரிட்டுவிட்டால், உலாவி திறக்கும்போது புதியதொன்றைத் தானே அமைத்துக்கொள்ளும். இப்பொழுது நன்றாகத் திறந்தால் குற்றம் பழைய கோப்புறையில்தான். பழையது அழிக்கப்படவில்லையாதலால், வேண்டுமானால் பழைய பெயரையே மீண்டும் இட்டு முன்னிலைக்குத் திரும்பலாம். ஃபயர்பாக்ஸில் ரிஃப்ரெஷ் என்ற வசதி இவ்வேலையைத் தானே செய்கிறது. அது துணைச் செருகல்களை நீக்கி, புத்தகக்குறிகளையும் கடவுச்சொற்களையும் காத்துக்கொடுக்கும். பழைய கோப்புறையையும் திரையின் முகப்பில் தனியே வைக்கும். எட்ஜ் உலாவிக்கு விண்டோஸின் செயலிகள் பட்டியலில் ரிப்பேர் என்ற வசதி உண்டு.

இவற்றைச் செய்யுமுன் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, தளங்களுக்கு நாம் அளித்திருந்த சிறப்பு அனுமதிகள் மறைந்துபோகும். எண்மக் கையொப்பத்திற்காக ஏதேனும் அமைப்புகள் செய்யப்பட்டிருந்தால் அவற்றை முன்பே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, உலாவி நினைவில் வைத்திருக்கும் கடவுச்சொல் வேறு எவருக்கும் தெரியாமல் இருக்கக்கூடாது. மாறுதலாகிச் சென்ற ஒருவர் என்றோ பதித்த கடவுச்சொல் உலாவிக்கு மட்டுமே தெரியும் என்ற நிலை ஆபத்தானது. உலாவி விழுந்த அன்று அலுவலகத்தின் கணக்கே பூட்டிக்கொள்ளும். கடவுச்சொல்லை மீட்கும் கைப்பேசி எண், இன்று பொறுப்பில் உள்ளவருடையதா என்பதை உறுப்பினர்கள் கேட்டறிய வேண்டும்.

பழைய கணினிகள்

சில அலுவலகங்களில் இன்றும் விண்டோஸ் 7 உள்ள கணினிகள் உள்ளன. அந்த விண்டோஸுக்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்துவிட்டது. குரோம் உலாவியில் 109-ஆம் பதிப்பே அதில் இயங்கும் கடைசிப் பதிப்பு. 2023 பிப்ரவரியில் வந்த 110-ஆம் பதிப்பு முதல் விண்டோஸ் 10 அல்லது அதற்கு மேற்பட்டது தேவை. ஃபயர்பாக்ஸிலும் விண்டோஸ் 7-க்குக் கடைசியானது 115-ஆம் பதிப்பு வரிசையே. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. பழைய உலாவியில் புதிய தளங்கள் சரியாகத் தோன்றாமலும் பொத்தான்கள் இயங்காமலும் இருப்பதில் வியப்பில்லை. இதனை எந்தச் சோதனையாலும் குணப்படுத்த முடியாது. புதிய கணினிக்குத் தீர்மானம் நிறைவேற்றுவதே வழி. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்ற பழைய உலாவி 2022 ஜூன் 15-இல் ஓய்வு பெற்றது. அதையே கோரும் பழைய தளம் ஏதேனும் இருந்தால், எட்ஜ் உலாவியினுள் அதற்கென உள்ள தனி நிலையில் திறக்கலாம்.

கைப்பேசியில் உலாவி விழுந்தால்

உழவர்களுள் பெரும்பாலோர் கைப்பேசியிலேயே இணையத்தைக் காண்கின்றனர். அதிலும் முறை ஒன்றே. முதலில் கைப்பேசியை அணைத்துப் போடுதல்; பிறகு இடம் இருக்கிறதா என்று பார்த்தல்; பிறகு பிளே ஸ்டோரில் உலாவியைப் புதுப்பித்தல். அமைப்புகளில் உலாவியின் பெயரைத் திறந்து, ஃபோர்ஸ் ஸ்டாப் என்பதையும், கேஷ் என்ற தற்காலிகக் கோப்புகளை நீக்கும் பொத்தானையும் அழுத்தலாம். டேட்டா முழுவதையும் நீக்கும் பொத்தான் வேறு. அதனை அறியாமல் அழுத்தினால் உலாவியின் சேமிப்புகள் போய்விடும்.

நம் குற்றமல்லாத பழுதுகளும் உண்டு. 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் வெப்வியூ என்ற உள்ளுறுப்பின் பழுதால் உலகெங்கும் பல செயலிகள் திறந்தவுடன் விழுந்தன. கூகுள் நிறுவனம் திருத்திய பதிப்பை வெளியிட்ட பிறகே அவை சரியாயின. 2022 ஜனவரி 13-ஆம் நாள் ஃபயர்பாக்ஸ் உலாவி பல நாடுகளில் எந்தப் பக்கத்தையும் திறக்காமல் நின்றது. சேவையகம் ஒன்றில் நேர்ந்த மாற்றம், உலாவியினுள் அதுவரை மறைந்திருந்த பிழையைத் தூண்டியதே காரணம். சேவையகத்தில் திருத்தம் செய்யப்பட்டபின், உலாவியை மூடித் திறந்ததும் அது இயங்கிற்று. நேற்றுவரை நன்றாக இருந்தது, நாம் எதையும் மாற்றவில்லை, பக்கத்து ஊரிலும் இதே நிலை என்றால், பொறுமையோடு காத்திருந்து, வேறு உலாவியில் வேலையைத் தொடர்வதே அறிவுடைமை. அந்த வேளையில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கியவர் நட்டத்தையே அடைவார்.

பழுதைப் பயன்படுத்தும் வஞ்சகர்கள்

இனி நாம் கூறப்போவது யாவற்றினும் முக்கியமானது. உலாவி விழுந்து மனிதர் பதறியிருக்கும் வேளையே வஞ்சகர்கள் எதிர்பார்த்திருக்கும் வேளை. "உங்கள் உலாவி பழையதாகிவிட்டது, இங்கே அழுத்திப் புதுப்பியுங்கள்" என்று ஒரு பக்கம் தோன்றும். அழுத்தினால் வருவது தீங்கு நிரல். உண்மையான புதுப்பித்தல் உலாவியின் பட்டியலில், உதவி என்ற பகுதியில், உலாவியைப் பற்றி என்ற இடத்தில் மட்டுமே உள்ளது. வேறு சில வேளைகளில் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, கணினியில் வைரஸ் புகுந்துவிட்டதென்றும் உடனே இன்ன எண்ணுக்குப் பேசவேண்டுமென்றும் கூக்குரலிடும் பக்கம் வரும். அஃது ஒரு சாதாரணப் பக்கமே. டாஸ்க் மேனேஜர் மூலம் உலாவியை மூடிவிட்டால் ஒழிந்துபோகும். அந்த எண்ணுக்கு எவரும் பேசக்கூடாது.

உதவி எண் வேண்டுமென்று கூகுளில் தேடி, முன்பின் அறியாத எண்ணுக்குப் பேசுவதும் ஆபத்தே. பேசுகிறவர் தொலைவிலிருந்து நம் கணினியை இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார். நிறுவிவிட்டால் வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்தது போலாகும். ஓடிபி என்ற ஒருமுறைக் கடவுச்சொல்லை எவர் கேட்டாலும் சொல்லக்கூடாது. ஊராட்சியின் பணமும் உழவரின் சேமிப்பும் ஒரு நொடியில் போய்விடக்கூடும். பணம் பறிபோனால் நேரத்தை வீணாக்காமல் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு விரைவாகத் தெரிவிக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை இடையில் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

இவை யாவற்றையும் கருதி, ஊராட்சிகளுக்குச் சில யோசனைகளைக் கூறி முடிக்க விரும்புகிறோம்.

ஒன்று, கணினிக்கு அருகில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்க வேண்டும். பழுது நேர்ந்த நாள், அதற்குமுன் செய்துகொண்டிருந்த வேலை, திரையில் தோன்றிய அறிவிப்பின் சொற்கள், செய்து பார்த்த பரிகாரம், அதன் பலன் ஆகிய ஐந்தையும் அதில் எழுத வேண்டும். கறவை மாட்டுக்குக் காய்ச்சல் எப்பொழுது வந்தது, என்ன தின்றது என்று சொல்ல முடிந்தால்தான் கால்நடை மருத்துவர் மருந்து கொடுக்க முடியும். கணினி மெக்கானிக்குக்கும் அதுவே தேவை.

இரண்டு, மின்சாரம் நின்றவுடன் கணினி விழாமல் இருக்க நல்ல நிலையிலுள்ள யுபிஎஸ் வேண்டும். அதன் பேட்டரி உண்மையிலேயே தாங்குகிறதா என்பதை அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

மூன்று, இரண்டு உலாவிகள் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை இரண்டையும் புதுப்பிக்க வேண்டும். வேண்டாத துணைச் செருகல்களை நீக்க வேண்டும். வட்டில் இடம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். கிராம சபைக் கூட்டத்திற்கு முன்நாள் இரவில் இவ்வேலைகளை வைத்துக்கொள்ளக்கூடாது. ஒரு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும்.

நான்கு, "சர்வர் வேலை செய்யவில்லை" என்ற விடையைக் கூறுமுன் நாம் சொன்ன மூன்று கேள்விகளும் கேட்கப்பட வேண்டும். வேறு தளம், வேறு உலாவி, வேறு இணைப்பு என்ற மூன்று சொற்களை ஓர் அட்டையில் எழுதிக் கணினியின் மேல் ஒட்டிவிடலாம். இதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. அவ்வாறு சோதித்தபின்னும் வேலை நடவாதாயின், வந்தவரிடம் காரணத்தைச் சொல்லி, அவருடைய தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டு, சரியானவுடன் அழைத்துத் தெரிவிக்கலாம். அவர் வீணாக மறுபடியும் நடக்க வேண்டியிராது.

ஐந்து, ஊரில் படித்த இளைஞரும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் உள்ளனர். அவர்களுள் இருவர் மூவரை இவ்வேலையில் பழக்கி வைத்தால், ஒருவர் இல்லாத நாளில் மற்றவர் உதவுவர். ஆனால் அலுவலகக் கடவுச்சொல்லும் கையொப்பச் சாதனமும் பொறுப்பாளரின் கையைவிட்டு அகலக்கூடாது.

பெரியோர்களே, பொறிகள் பழுதுறுவது இயற்கை. ஏர் முனை மழுங்குகிறது. வண்டி அச்சு முறிகிறது. உலாவியும் ஒரு நாள் விழுகிறது. ஏர் முனையைக் கூராக்கக் கற்றுக்கொண்ட நம் உழவர்கள் இதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று நாம் எண்ணவில்லை. பதற்றமின்றி, எளிதிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகச் சோதித்து, எதையும் அவசரப்பட்டு அழிக்காமல் செயலாற்றினால், பெரும்பாலான பழுதுகள் அலுவலகத்திலேயே தீர்ந்துவிடும். அரசு அலுவலகத்தின் வாயிலில் நிற்கும் ஏழையின் ஒரு நாள் கூலி அதனால் காக்கப்படுமாயின், நாம் இங்குச் செலவிட்ட நேரம் வீண்போகாது.